பேசவில்லை, பேசுவதில்லை

மகள் புனேயில் போனை வைத்துவிட்டாள். மதுரையில் தனுஷ்கோடி சார் இன்னும் வைக்கவில்லை. காதோடு ஒட்டிப் பிடித்தபடி சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார், அடுப்படியில் மனைவி தமயந்தி மிக்ஸியை ஓடவிட்ட பிறகுதான் அந்த முனையில் ஆளில்லை என்பதே அவருக்கு உறைத்தது. என்ன சொன்னாள் மிருதுளா? தெளிவாகத்தான் சொன்னாள், வாத்தியார் மகள் அல்லவா. அம்மா வியாழக்கிழமைக்கு டிக்கெட் போடச் சொல்றாங்கப்பா, இங்க வந்து என்கூட இருக்கேங்கறாங்க, திரும்பி வர்றதுக்கு என்னைக்குப் போடட்டும்னு கேட்டேன், அதுக்குப் பதிலே இல்ல, நீங்க அம்மாகிட்ட பேசிட்டு மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க, நான் போட்டுடறேன். அப்புறம், பேசுங்கப்பா, நேர்ல, வாயைத் திறந்து பேசுங்க, நடுவுல நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குது என்றாள். கால் வலிக்கத்தான் செய்யும். போன மாதம் முழுக்க அந்தப் பெண் அங்கே ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு இந்த வீட்டின் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். சிலிண்டர் தீரப்போகுது, அப்பாகிட்ட சொல்லி பதியச் சொல்லு என்று தமயந்தி அடுப்படியிலிருந்து புனேக்குச் சொல்வாள், ரெண்டு நிமிஷத்தில் புனேயிலிருந்து கூடத்துக்கு போன் வரும், அப்பா சிலிண்டர் பதியணுமாம். பதிந்தாயிற்று என்று அவர் சொல்வது அடுப்படிக்கு நேராகவே கேட்கும், ஆனாலும் அது புனேக்குப் போய்ச் சுற்றிக்கொண்டுதான் அங்கே சேரும். ஒரு நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது, அப்பா ரசத்துல உப்பு சரியா இருக்கான்னு அம்மா கேக்கறாங்க. சரியா இருக்கு என்றார், தமயந்தி கரண்டியோடு எதிரிலேயே நின்றிருந்தாள், அவர் மூஞ்சியைப் பார்க்காமல் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டு. அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வந்தது, இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று ஒரு தைரியமும் இருந்தது. இப்போது அங்கேயே வந்து இருக்கேன் என்கிறாள். பத்து நாள் இருப்பவள் திரும்பும் தேதியைச் சொல்லுவாள். தேதி சொல்லாமல் இருப்பதற்கு என்ன பெயர்? அவர் போனை மேஜையில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பேனாவை எடுத்தால் எதுவும் கொஞ்சம் அடங்கும் என்பது அவர் நம்பிக்கை.

மேஜையில் நாளைக்கு ஒன்பதாம் வகுப்புக்கு வைக்க வேண்டிய இங்கிலீஷ் பரீட்சைத்தாள் பாதி எழுதியபடி கிடந்தது. கோடிட்ட இடத்தை நிரப்புக, இருபது வாக்கியம், ஒவ்வொன்றிலும் ஒரு வினைச்சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும், அதைப் பையன்கள் இரண்டு நிகழ்காலத்தில் எது பொருந்துமோ அதில் எழுத வேண்டும். இதில் அவர் கெட்டிக்காரர், அதை யாரும் இல்லையென்று சொல்லிவிட முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கரும்பலகையில் இரண்டு பெட்டி போட்டுத்தான் ஆரம்பிப்பார். டேய், தினமும் நடக்குதா, அது இந்தப் பெட்டி. இப்ப நடந்துக்கிட்டிருக்கா, அது அந்தப் பெட்டி. சூரியன் தினமும் உதிக்குது, இந்தப் பெட்டி. முனியசாமி பின் பெஞ்சுல உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டிருக்கான், அந்தப் பெட்டி, எந்திரிடா முனியசாமி. வகுப்பு சிரிக்கும், பாடம் ஏறிவிடும். ஆனால் நம் ஊர் நாக்குக்கு அந்த இரண்டாவது பெட்டியின் மேல் அப்படி ஒரு மோகம். எதை எடுத்தாலும் ஐ-என்-ஜி. உங்கப்பா என்னடா பண்றாரு என்றால், மை ஃபாதர் இஸ் வொர்க்கிங் இன் மில் சார் என்பான். பையனைச் சொல்லி என்ன செய்ய, வீட்டில் அப்படித்தானே பேச்சு, மில்லுல வேலை பாத்துக்கிட்டிருக்காரு, சிந்தாமணியில குடியிருந்துக்கிட்டிருக்கோம், ரெண்டு தங்கச்சி இருந்துக்கிட்டிருக்கு. எல்லாமே நடந்துகொண்டிருக்கிறது, எதுவும் சும்மா நடப்பதில்லை. அவர் இதைத் துரத்தித் துரத்தி அடித்தார், பையன்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் ஐயென்ஜி என்று பெயர் வைத்தார்கள், அது தெரிந்தபோது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. முதல் கேள்வி, ஷீ, அடைப்புக்குறிக்குள் மேக், காபி எவ்ரி மார்னிங். பாலர் வகுப்புக் கேள்வி. போடுகிறாள்தான், தினமும் காலையில் போடுகிறாள், இன்றைக்கும் போட்டாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து, காபி வச்சிருக்கு என்றாள். யாருக்கு வைத்திருக்கிறது, யார் வைத்தது, ஒன்றும் கிடையாது. இங்கிலீஷில் இப்படி ஒரு வாக்கியம் எழுத முடியுமா? ஒரு எழுவாய் கொடு என்று கழுத்தைப் பிடிக்கும் அது. தமிழ் பெரிய மனசுக்கார பாஷை, ஆள் இல்லாமலே ஒரு குடும்பத்தை நடத்திவிடும். தண்ணி சூடாயிருச்சு. சட்டை தேய்ச்சு வந்துருச்சு. குழம்பு மூடி வச்சிருக்கு. இவ்வளவும் காற்றில் சொல்லப்பட்டு அவர் வேலைகள் ஒன்றுகூட நிற்காமல் நடந்துகொண்டிருந்தன.

அஞ்சாவது கேள்வியில் மாட்டிக்கொண்டார். மை நெய்பர் என்று ஆரம்பித்து, அடைப்புக்குறிக்குள் நாட் ஸ்பீக் என்று போட்டு, டு மீ என்று முடித்திருந்தார். என் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம். பேசவில்லையா, பேசுவதில்லையா? விடை என்ன? பக்கத்தில் ஒரு சொல் வேண்டும், திஸ் வீக் என்று போட்டால் பேசவில்லை, யூஷுவலி மாதிரி ஏதாவது வந்தால் பேசுவதில்லை. இந்த வாரம் கோபம், அடுத்த வாரம் சரியாகிவிடும், அது பேசவில்லை. அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அது பேசுவதில்லை. எவ்வளவு சுத்தமான வித்தியாசம். ஆனால் முதலாவது எந்தக் கிழமையில் இரண்டாவதாக ஆகிறது? இதை எந்தப் பையனும் இதுவரை அவரிடம் கேட்டதில்லை, கேட்டிருந்தால் சிலபஸில் இல்லை உட்காருடா என்றிருப்பார். பாலில் உறை ஊற்றி வைக்கிறோம், காலையில் பார்த்தால் தயிர், அது எந்த நேரத்தில் தயிரானது என்று யார் கண்டது. மொட்டை மாடி விருந்து நடந்த மறுநாள் காலையில் தமயந்தி பேசவில்லை, அது சந்தேகமே இல்லாமல் இரண்டாவது பெட்டி. ஒரு வாரம் கழித்தும் அதே பெட்டிதான் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது ஒரு மாதத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இன்னும் அதே பெட்டியில்தான் இருக்கிறதா, அல்லது அவர் டியூஷனுக்குப் போயிருந்த ஏதோ ஒரு சாயங்காலத்தில் சத்தமில்லாமல் பக்கத்துப் பெட்டிக்கு மாறி உட்கார்ந்துகொண்டதா? கோட்டுக்கு மேல் பேனா நின்றுவிட்டது. அடுப்படியில் மிக்ஸி நின்றது, மூடியைத் தட்டும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், பச்சை மிளகாயும் சீரகமும் அரைபட்ட வாசனை. மறுபடி ஓடியது. நெய்பரை அடித்துவிட்டு மை அங்கிள் என்று எழுதினார், எழுதியதும் பகீரென்றது, ஏனென்றால் அப்படி ஒரு அங்கிள் அவருக்கு நிஜமாகவே இருந்தார்.

விருதுநகரில் பெரியப்பாவும் பெரியம்மாவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை கிண்டை எதுவும் இல்லை, அது பாட்டுக்கு ஒரு வழக்கமாக இருந்தது, எதிர்வீட்டில் தினமும் வாசல் தெளிப்பது மாதிரி. வத்தல் கமிஷன் கடையிலிருந்து பெரியப்பா வந்து சட்டையைக் கழற்றுவார், பெரியம்மா தட்டை வைத்துவிட்டு, பரீட்சை லீவுக்குப் போயிருக்கும் தனுஷ்கோடியைக் கூப்பிட்டு, உங்க பெரியப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு என்பாள். பெரியப்பா இரண்டு அடி தள்ளித்தான் நிற்பார். இவன் திரும்பி, பெரியப்பா சாப்பிட வாங்க என்பான். வர்றேன்னு சொல்லு. வர்றாராம் பெரியம்மா. இப்படியே நாலு பிள்ளை பெற்று, மூன்று கல்யாணம் நடத்தி, ஒரு வீடும் கட்டினார்கள். எதனால் ஆரம்பித்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பெரியம்மா தம்பி கல்யாணத்துக்கு அவளை அனுப்பவில்லை என்று ஒரு கட்சி, இல்லை மூக்குத்தி விஷயம் என்று இன்னொரு கட்சி. கேட்டால் அவர்களுக்கே தெரியுமோ என்னவோ. ஏதோ ஒரு நாள் பேசாமல் இருந்திருப்பார்கள், யார் முதலில் என்று இருவரும் காத்திருப்பார்கள், காத்திருந்தது பழகியிருக்கும். பெரியம்மா செத்தபோது வாசலில் கிடத்தியிருந்தார்கள், பந்தல் இன்னும் போட்டு முடியவில்லை, வெயில் நகர்ந்து நகர்ந்து அவள் முகத்துக்கு வந்துவிட்டது. பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார், குனிந்தார், என்னமோ சொல்லப்போகிறார் என்று எல்லோரும் வாயடைத்து நின்றார்கள். அவர் நிமிர்ந்து தனுஷ்கோடியைக் கையைப் பிடித்து இழுத்து, டேய், வெயில் மூஞ்சியில அடிக்குது, உங்க பெரியம்மாவைக் கொஞ்சம் நகந்து படுக்கச் சொல்லு என்றார். இவன் யாரிடம் சொல்வது? காலேஜில் படிக்கிற பையன், மீசை வந்துவிட்டது, அப்படியே நின்றான். அதற்குப் பிறகு தனுஷ்கோடி எத்தனையோ சாவுக்குப் போய்விட்டார், அப்பா சாவைத் தானே நின்று நடத்தினார், ஆனால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. பயமாக இருந்தது தனுஷ்கோடி சாருக்கு. அங்கிளையும் அடித்தார்.

இத்தனைக்கும் நடந்தது என்ன, ஒன்றுமில்லை. குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் மொட்டை மாடியில் விருந்து வைத்தார்கள், பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பரோட்டாவும் சால்னாவும். இரண்டாவது மாடியில் வங்கி மேனேஜர் குடும்பம் ஒன்று புதிதாக வந்திருந்தது, கல்கத்தாப் பக்கம், மேனேஜர் மனைவி சுபர்ணாவுக்குத் தமிழ் ஒரு சொட்டு தெரியாது. அந்தம்மா தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் பேச்சுக் கொடுத்தாள், நாள் பூரா என்ன செய்வீர்கள் என்கிற மாதிரி ஏதோ கேட்டாள். தமயந்தி தமிழ் மீடியத்தில் சரித்திரம் படித்தவள், இங்கிலீஷ் என்றால் சேலைத் தலைப்பை விரலில் சுற்ற ஆரம்பித்துவிடுவாள், அன்றைக்கு என்ன தைரியமோ, ஐ ஆம் வான்டிங் என்று ஆரம்பித்து ஒரு முழு வாக்கியம் சொல்லி முடித்தாள். வான்டிங். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார், காதில் சுருக்கென்று தைத்தது. விரல் தானாகவே மேலே போய்விட்டது, சால்னா வழிகிற விரல். வான்டிங் இல்ல தமயந்தி, ஐ வான்ட், வான்ட்டெல்லாம் ஐ-என்-ஜி வாங்காது என்றார், வகுப்பில் சொல்கிற அதே குரலில், வட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள். சார் வீட்டுல எப்பவும் கிளாஸ்தான் போல என்றார் செயலாளர். சுபர்ணாகூட என்னவென்று புரியாமல் மரியாதைக்குச் சிரித்தாள். தமயந்தியும் சிரித்தாள், அவர் பார்த்தாரே, சிரிக்கத்தான் செய்தாள், இலையை மடித்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை கிடையாது. நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டோம், தப்புதான், மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான் என்று மூன்றாம் நாளே தீர்மானித்தார். ஆனால் மன்னிப்பு எப்படிக் கேட்பது, யார் மூலமாகக் கேட்பது? மிருதுளாவிடம் சொல்லி அனுப்பினார், அப்பா சாரி சொல்றாங்கம்மா. பதில் வந்தது, எதுக்குன்னு கேளு. எதுக்கு என்றால், இங்கிலீஷைத் திருத்தினதுக்கு. அது சரியான பதில் என்றுதான் அவர் நினைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை, மறுநாள் வழக்கம்போல் சட்டை தேய்ச்சு வந்துருச்சு. முழுசாகச் சரியான பதிலுக்கு மார்க் போடாத ஒரு வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டதாக அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

சரி, வேலையைப் பார்ப்போம் என்று ஒரு வழியாகப் பதினாறு வரை எழுதிவிட்டார். மழை பெய்கிறது, ரயில் புறப்படுகிறது, தங்கை தூங்குகிறாள், எல்லாம் யாரும் அடிபடாத வாக்கியங்கள். கடைசி நாலும் கெட்டிக்காரப் பையன்களுக்கு. அறிவது, பிடிப்பது, நம்புவது, வேண்டுவது, இந்த நாலும் மனசுக்குள் நடக்கிற வினைகள், இப்போதுதான் நடந்தாலும் ஐ-என்-ஜி வாங்காதவை, இதில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குவார்கள். வான்ட் கட்டாயம் வேண்டும். பழகிய கை, யோசிக்காமல் எழுதியது. ஷீ, கோடு, அடைப்புக்குறிக்குள் வான்ட், சம்ஒன் டு டாக் டு. முற்றுப்புள்ளி வைத்தார். விடை வான்ட்ஸ், எஸ் போடாதவனுக்கு அரை மார்க் குறைக்கலாம். நல்ல வாக்கியம், இயல்பாக இருக்கிறது, எங்கே பிடித்தேன் இதை? வாத்தியாராக ஒரு தடவை படித்தார். பேனாவை மூடப்போனவர் மூடாமல் இன்னொரு தடவை படித்தார். அவளுக்குப் பேச ஒரு ஆள் வேண்டும். மொட்டை மாடி, சால்னா வாசனை, தலைப்பைச் சுற்றுகிற விரல், ஐ ஆம் வான்டிங், அதற்குப் பிறகு என்ன? அதற்குப் பிறகு என்ன சொன்னாள்? ஒன் பெர்சன். ஒன் பெர்சன் ஃபார் டாக்கிங். அட பாவி மனுஷா. முழு வாக்கியமும் காதில் இருந்திருக்கிறது, இத்தனை நாளும் உள்ளேயே கிடந்திருக்கிறது, அவர்தான் அதில் ஒரு சொல்லை மட்டும் கிள்ளி எடுத்துத் திருத்திவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டார். கட்டிய புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து பரோட்டா தின்கிறான், அவள் யாரோ ஒரு ஊர் பேர் தெரியாத பொம்பளையிடம், தனக்கு வராத ஒரு பாஷையில், பேச ஆள் இல்லை எனக்கு என்கிறாள். தமிழில் சொல்லியிருக்கலாமே அவரிடமே. சொல்லியிருந்தால்? ம் என்றிருப்பார். மிருதுளா வேலை கிடைத்துப் புனேக்குப் போனதிலிருந்து எத்தனை ம். அம்மாவும் மகளும் அடுப்படியில் கீச்சு மூச்சென்று பேசிச் சிரிக்கும் சத்தம் போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது, பேப்பர் திருத்த வசதியாக இருக்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டுக்கூட இருக்கிறார். அப்போதெல்லாம் அவள் காய்கறிக்காரனைப் பற்றி, லிஃப்ட்டைப் பற்றி, கனவில் வந்த தன் அண்ணனைப் பற்றி அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருப்பாள், இவர் சிவப்புப் பேனாவை நிறுத்தாமல் ம், ம். ஒரு கட்டத்தில் ம்முக்கும் வேலையில்லாமல் போய்விட்டது, அது எந்த நாளில் என்று அவருக்குத் தெரியாது. விருந்துக்கு அப்புறம்தான் அவள் பேசுவதை நிறுத்தினாள் என்று கணக்கு வைத்திருந்தாரே, அவர் கேட்பதை நிறுத்தியது எப்போது? சுவர்க் கடிகாரம் மத்தியானத்துக்கு ரொம்ப தூரமில்லை என்றது. பரீட்சைத்தாளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார், நாற்காலி தரையில் கிரீச்சிட்டது.

அடுப்படி வாசலில் போய் நின்றார். தமயந்தி முதுகைக் காட்டிக்கொண்டு அரைத்ததை வழித்துக்கொண்டிருந்தாள். தரையில் பேப்பர் விரித்து முருங்கைக்கீரை குவிந்து கிடந்தது. உள்ளே போகலாமா கூடாதா என்று யோசிக்க ஆரம்பித்தால் அதுவே ஒரு நாள் ஆகிவிடும் என்று பட்டது. முழங்கால் சத்தம் போட, சுவரைப் பிடித்துக்கொண்டு கீரை முன்னால் உட்கார்ந்தார்.

"காபி வேணும்னா பிளாஸ்க்ல இருக்கு," என்றாள் தமயந்தி, எதிரே இருந்த டைல்ஸைப் பார்த்து.

"காபி வேண்டாம்." ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார். இலையோடு காம்பும் சேர்ந்து விழுந்தது. "பேச ஒரு ஆள் வேணும்னு சொன்ன தமயந்தி. அன்னைக்கு மொட்டை மாடியில, அந்தம்மாகிட்ட."

வழித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நீ எப்படிச் சொன்னேங்கறதைத்தான் நான் கேட்டேன். நீ என்ன சொன்னேன்னு கேக்கவே இல்ல."

அவள் திரும்பவில்லை. குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், சாவகாசமாகக் கழுவினாள், துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "இப்பத்தான் காதுல விழுந்துச்சாமா?" என்றாள். அது தனக்குச் சொன்னதா டைல்ஸுக்குச் சொன்னதா என்று அவருக்குப் பிடிபடவில்லை, தலையை மட்டும் ஆட்டினார், முதுகுக்கு எதிராக ஆட்டி என்ன பிரயோஜனம் என்று தோன்றி, ஆமா என்றார். தமயந்தி திரும்பிப் பார்த்தாள், அவரை அல்ல, பேப்பரில் கிடந்த கீரையை.

"காம்போட போடாதீங்க. இலையை மட்டும் உருவுங்க."

போடாதீங்க. உருவுங்க. காற்றுக்கு அல்ல, அவருக்கே. தனுஷ்கோடி சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, போட்டதையெல்லாம் மறுபடி எடுத்துக் காம்பு கிள்ள ஆரம்பித்தார். அவள் சேலையைச் செருகிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள், ஒரு கொத்தை எடுத்தாள்.

"சுபர்ணா போறா," என்றாள். "அவ வீட்டுக்காரருக்கு அதுக்குள்ள மாத்தலாயிருச்சு. வியாழக்கிழமை சாமான் ஏத்த லாரி வருது."

வியாழக்கிழமை. டிக்கெட் போடச் சொன்ன அதே நாள்.

"நீங்க டியூஷனுக்குப் போனதும் நானும் அவளும் மொட்டை மாடிக்குப் போயிருவோம். தினம் சாயங்காலம். துணியை எடுத்து மடிச்சுக்கிட்டே பேசிக்கிட்டிருப்போம், லைட் போடுற வரைக்கும்."

"இங்கிலீஷ்லயா?" சனியன் பிடித்த நாக்கு, அது முந்திக்கொண்டது.

"இங்கிலீஷை எல்லாம் அன்னைக்கோட விட்டாச்சு. அவ பெங்காலில பேசுவா, நான் தமிழ்ல பேசுவேன்." ஒரு இலைக்கொத்தை உருவிப் போட்டாள். "என்ன பாக்கறீங்க, புரியுமான்னா? பாதி புரியாது. புரியாட்டி என்ன, அவ என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே கேப்பா. நான் மிருதுவைப் பத்திச் சொல்லி அழுதா அவளும் அழுவா. அவளும் போயிட்டா நான் யார்கிட்டங்க பேசறது? அவ வீட்டுப் பூட்டைப் பாத்துக்கிட்டே படியேறி இறங்க என்னால ஆகாது. அதான் மிருதுகிட்ட போறேன்னேன்."

இருக்கட்டும் நான் இருக்கிறேன் என்று சொல்லலாம், எத்தனை சுலபமான வாக்கியம், எழுவாய், பயனிலை, எல்லாம் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "எங்க பெரியப்பா மாதிரி ஆயிருவோமோன்னு பயமா இருக்கு எனக்கு," என்றார்.

"உங்க பெரியப்பாவுக்கென்ன, ராசா மாதிரி இருந்தாரு. உங்க பெரியம்மாதான் பாவம்," என்றாள் தமயந்தி. சொன்ன விதத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்து உள்ளே போய்விட்டது.

அவர் இன்னொரு கொத்தை எடுத்து, இந்தத் தடவை காம்பு விழாமல் உருவினார். கேள்வி கேட்பது அவருக்குத் தொழில், ஆனால் விடை தெரியாத கேள்வியைக் கேட்டு நாளாகிவிட்டது. "அவ என்ன சொல்லுவா உன்கிட்ட?" என்றார்.

தமயந்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள், நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று பார்க்கிற பார்வை. "என்னென்னமோ சொல்லுவா. அவ ஊர்ல வீட்டுக்குப் பின்னாடியே குளமாம். சின்னப் பிள்ளையா இருக்கும்போது அதுலயேதான் கிடப்பாளாம். கையை இப்படி இப்படி வீசிக் காட்டுனா, நீச்சலடிக்கிற மாதிரி. ஒரு நாள் திடீர்னு மழை பிடிச்சுக்கிச்சு, கண்ணு தெரியாத மழை, குளத்துல தண்ணி மேல தண்ணி விழுந்து ஒரே சத்தம். இவ நடுக் குளத்துல. அவ அம்மா ஓடி வந்து படியில நின்னுக்கிட்டு வாடி வாடின்னு கூப்பிடறாங்க, இவளுக்கானா ஏறவே மனசில்ல." மழைக்குப் பெங்காலியில் என்ன சொல்வாள், அம்மா என்று எப்படித் தெரிந்தது, ஒருவேளை பாட்டியாக இருந்தால், என்று அவருக்குள் இருந்த வாத்தியார் விரலைத் தூக்கினார். தனுஷ்கோடி அந்த விரலைக் கீரைக்குள் வைத்துக்கொண்டார்.

கூடத்தில் போன் அடித்தது.

"மிருதுவா இருக்கும். டிக்கெட்டுக்கு," என்றாள் தமயந்தி.

"அடிக்கட்டும். நீ சொல்லு."

அடித்து ஓய்ந்தது. ஓய்ந்த கையோடு அடுப்பு மேடையில் இருந்த தமயந்தியின் போன் அடித்தது. அவள் எட்டி, புறங்கையால் இழுத்து, கீரைக் கையோடு காதில் வைத்தாள். "ஆமாடி, போடு. வேண்டாம்னு யாரு சொன்னா. திரும்பி வர்றதுக்கும் போடணும், தேதி அப்புறம் சொல்றேன். அப்பாவா? இங்கதான் இருக்காங்க. இல்லடி, எல்லாம் நல்லாத்தான் இருக்கோம். இப்ப வைடி நீ, நானும் அப்பாவும் பேசிக்கிட்டிருக்கோம்."

போனை மேடையில் வைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள், தலைப்பால் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டாள், கீரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"எங்க விட்டேன்?"

"அவங்க அம்மா குளத்துப் படியில நின்னு கூப்பிடறாங்க," என்றார் தனுஷ்கோடி. "மழை கொட்டுது. இவ ஏற மாட்டேங்கறா."